பெயர்ப்பட்டியல் வரலாறாகுமா?
மட்டக்களப்புப் போடியார் ஆதனங்கள் குறித்து ஒரு மறுப்புரை

நாட்டு வரலாறு என்பது மன்னர்களின் பெயர்வரிசை மாத்திரம் அன்று என்பதை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆயினும் ஊர் வரலாறு எழுதப் புகுவோர் இவ்வுண்மையை மிக எளிதில் மறந்து விடுகின்றனர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களைப் பற்றி வெளிவரும் ஊர் வரலாறுகளையும், கும்பாபிடேக மலர்களையும், நினைவு மலர்களையும் எடுத்து நோக்குக. பெரிய வயற்காணி ஒன்றின் வரலாறு கூறப்படும் இடத்தில் ஒரு போடியாரின் பெயர் வரும். அடுத்து அவர் மகனின் பெயர் வரும். அதன்பின் பேரனின் பெயர் வரும். மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களும், அவர்கள் கட்டிய மடமும், கோயிலுக்கு ஈந்த மணியும் கூறப்பட்டதும் வரலாறு நிறைவெய்தி விடும்.

இவ்வகை எழுத்து முழுமையற்றது என்று கூறி நாம் அமைய முடியாது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை இது பிழையானது. எந்த நிலத்தின் கதையைச் சொல்வதாக இந்நூல்கள் கூறுகின்றனவோ, அந்த நிலம் எவ்வாறு கைமாறியது என்ற அடிப்படை உண்மையையே இவை தலைகீழாக்குகின்றன. அப்பிழையின் விளைவு ஏட்டோடு நின்றுவிடுவதுமில்லை. கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் எழுதப்படும் காணிப் பத்திரங்கள் வரை அது நீள்கின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியும் இரு கரைகளும்

வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு முன்னோர் இட்ட பெயர்கள் இவை. ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என எழுவான்கரையில் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். கொக்கட்டிச்சோலை, பட்டிப்பளை, பழுகாமம், போரதீவு, வெல்லாவெளி ஆகிய படுவான்கரைப் பகுதிகளில் நெல் விளைந்தது. எழுவான்கரையில் வீடும் தென்னந்தோட்டமும், படுவான்கரையில் வயலும் மாட்டுப்பட்டியும் உடையவரே பெருநிலக்காரர். விதைப்புக்கும் வெட்டுக்கும் தோணியேறி வாவியைக் கடந்து, வயல் வாடியில் தங்கி, வேளாண்மையைக் கண்காணித்து மீள்வது அவர் வழக்கம். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைக் கடக்கத் தோணியும் பாதையுமே துணையாயின.

இப்பெருநிலக்காரரையே 'போடியார்' என்னும் சொல் குறித்தது. ஒல்லாந்தர் காலத்தில் அது வட்டாரத் தலைமையைக் குறிக்கும் பட்டமாக இருந்தது. பின்னர் தலைமை குறைந்து நிலவுடைமை எஞ்சியது. தமிழருள் மாத்திரமன்றி, இவ்வட்டார முசுலிம்களுள்ளும் போடி என முடியும் பெயர்கள் உண்டு. இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையைக் கொண்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. கோயில் வண்ணக்கர் உரிமையும் பள்ளிவாசல் மரைக்காயர் உரிமையும் குடிவழியே வந்தவை. திருமணமானதும் மணமகனே மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். இவ்வளவையும் நம் ஊர் வரலாற்றாசிரியர்கள் 'பண்பாடு' என்ற அத்தியாயத்தில் பெருமையோடு எழுதுகின்றனர். எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் நிலவுடைமையைத் தந்தையிலிருந்து மகனுக்கு இறக்குகின்றனர். ஒரே நூலின் இரு அத்தியாயங்கள் ஒன்றையொன்று மறுப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதுசத்தின் வழி

முற்குகர் வழக்கு எனப்படும் சட்ட மரபு இங்கு நிலவியது. அதன்படி ஆதனம் இருவகைப்படும். முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். ஒருவர் தம் முயற்சியால் ஈட்டியது தேட்டம். ஒருவர் இறந்தால் அவரது முதுசம் அவர் பெற்ற பிள்ளைகளைச் சேராது. அது தாய்வழியில் நின்று, உடன்பிறந்தாரையும் சகோதரியின் மக்களையும் சேரும். தம் பிள்ளைகளுக்கு அவர் கொடுக்கக்கூடியது தேட்டமே. கிறித்தோப்பர் பிறிற்றோ இவ்வழக்கினைத் தொகுத்து 1876இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

இதன் பொருள் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முக்காற்பகுதி வரையில், ஒரு போடியாரின் முதுசக் காணிக்கு அவர் மகன் உரிமையாளன் ஆகான். அம்மகன் உரிமை பெற்றதெல்லாம் தன் தாய்மாமனின் காணியில். ஆகவே, அக்காலக் காணியொன்றுக்குத் தந்தை, மகன், பேரன் எனப் பெயர்வரிசை தரும் நூல், நடந்திருக்க முடியாத ஒன்றை நடந்ததாகக் கூறுகின்றது. அவ்வரிசையில் உள்ளவர்கள் உண்மையாகவே வாழ்ந்தவர்களாய் இருக்கலாம், செல்வராயும் இருக்கலாம். ஆனால் அந்த நிலம் அந்த வழியில் வரவில்லை. வழியைக் காட்டும் பெயர்கள் தாயின் பெயரும், சகோதரியின் பெயரும், அவள் மகளின் பெயருமே. அவைதான் நம் நூல்களில் இல்லை.

நம் பழைய ஏடுகளே இவ்விடத்தில் நமக்கு எதிராகச் சான்று கூறுகின்றன. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தில் உலகநாச்சியாரின் கதை வருகின்றது. கலிங்கத்திலிருந்து வந்த அப்பெண் மன்னனிடம் நிலம் பெற்று மண்முனையில் குடியேறினாள் என்பது ஐதிகம். அதனை வரலாற்று நிகழ்ச்சியாக ஏற்பதா விடுவதா என்பது வேறு வினா. இப்பிரதேச மக்கள் தம் மண்ணின் முதற்கொடையைப் பற்றிக் கதை சொல்ல முற்பட்டபோது, நிலம் பெற்றவளாக ஒரு பெண்ணையே நிறுத்தினர் என்பது மறுக்கவியலாதது. கதை சொன்ன பாமரருக்கு இருந்த தெளிவு, அக்கதையை அடிக்குறிப்பிட்டு அச்சேற்றும் நமக்கு இல்லாமற் போயிற்றா?

சட்டம் மாறிய பின்

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முற்குகர் வழக்கின் மரபுரிமை விதிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. யாழ்ப்பாணத்தார்க்குத் தேசவழமை இருந்தது. கண்டியர்க்கும் முசுலிம்களுக்கும் அவரவர் சட்டம் இருந்தது. மட்டக்களப்புத் தமிழர் பொதுச் சட்டத்தின் கீழ் வந்தனர். முதுசம் என்றும் தேட்டம் என்றும் பிரித்த பிரிவு நீதிமன்றில் பொருளிழந்தது. மருமக்களின் உரிமை நீங்கி, பெற்ற பிள்ளைகளின் உரிமை நிலைநாட்டப்பட்டது.

இத்தோடு நிலம் ஆண்களின் கைக்குப் போயிற்று என எண்ணுவோர் மக்களின் வழக்கை அறியாதவர். மட்டக்களப்பார் புதிய சட்டத்துக்குப் பணிந்தனர். பழைய வழியையும் விடவில்லை. இறந்தபின் வரும் உரிமையை அரசு தீர்மானித்தால், வாழும்போதே கொடுத்துவிடும் உரிமை பெற்றோர் கையில் இருந்தது. வீடும் வளவும் வயலும் மகளின் திருமணத்தின்போது அவள் பெயருக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டன. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்கினர். ஆண்மக்களோ மனைவியின் காணியை நம்பி மணம் முடித்தனர். மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற நிலம் இப்போது தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. பெண்வழி அறவே அற்றுப்போகவில்லை. முன்னிலும் நேரானது எனலாம்.

ஆக, ஊரார் 'இன்ன போடியார் வட்டை' என்று சுட்டும் வயல்களுள் எத்தனையோ, உறுதியின்படி அப்போடியாரின் மனைவிக்குச் சீதனமாக வந்தவை. அவர் அதனைச் செய்வித்தார், கண்காணித்தார், அதனால் பெயரும் பெற்றார். உரிமை அவளுடையது, பெயர் அவருடையது. வரலாற்றாசிரியரின் கடமை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதாகும். அவரோ பெயரை எடுத்துக்கொண்டு உரிமையைக் கைவிட்டார்.

சான்று இல்லை என்று எவரும் தப்பிக்க இயலாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதலாகக் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு உறுதியாலேயே செல்லுபடியாகின்றது. சீதன உறுதிகள் காணிப் பதிவகங்களிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் உள்ளன. மலர் தொகுக்கும் குழுவினர் அவற்றை விரித்துப் பார்ப்பதில்லை. தம்மிற் பெரியவர்களான ஆண்களை நாற்காலியில் இருத்தி, பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்கின்றனர். அடுக்களை வாசலில் நிற்கும் முதியவளிடம், "ஆச்சி, இந்த வயல் உங்களுக்கு யார் தந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதி வரலாறு கிடைத்திருக்கும்.

வயலில் நின்றவர்

உரிமையாளர் குடும்பங்களின் வரலாறு என்று சொல்லும்போது மற்றொரு மறதியும் நிகழ்கின்றது. போடியாருக்குக் கீழே முல்லைக்காரன் இருந்தான். அவனுக்குக் கீழே வயற்காரர் இருந்தனர். வாய்க்கால் நீரைப் பங்கிட வட்டவிதானை இருந்தார். விதைநெல்லும் உணவு நெல்லும் முற்பணமாகக் கொடுக்கப்பட்டு, சூடு மிதித்தபின் களத்திலேயே கழிக்கப்பட்டன. கடன் கழிந்து மிஞ்சியதே உழைத்தவனின் பங்கு. மிஞ்சாத ஆண்டில் கடன் அடுத்த போகத்துக்கு ஏறியது. மடம் கட்டிய கொடையைப் பாடும் மலர், அக்கொடைக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று வினவுவதில்லை.

1958இல் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. குத்தகையாளனை நிலத்திலிருந்து நீக்கலாகாது என்றும், நிலக்காரர் பெறும் குத்தகை விளைச்சலின் நாலிலொரு பங்கை விஞ்சலாகாது என்றும் அது விதித்தது. நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்தது யாதெனில், சட்டம் காக்க முனைந்த குத்தகையாளர் பலர் நீக்கப்பட்டனர். அல்லது கூலியாட்கள் எனப் பெயர் மாற்றப்பட்டனர். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர், ஏனைய காணிக்கு 50 ஏக்கர் எனத் தனியாளுக்கு உச்சவரம்பு கட்டியது. தனியாளுக்கு என்பதனால், மனைவியர் பெயரிலும் மகளிர் பெயரிலும் பிரிந்து கிடந்த காணியை அது எவ்வாறு தொட முடியும்? இங்கே ஒரு கசப்பான உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வரலாற்று மலரில் பெண்ணின் பெயருக்கு இடமளிக்க மறுத்த அதே வகுப்பு, உச்சவரம்புக் கணக்கென்று வரும்போது அப்பெயர்களைச் சுட்டிக்காட்ட மறந்திராது.

ஆகவே பெண்வழி உடைமையைப் பொற்காலமாகப் போற்றுவது எம் கருத்தன்று. பெண்வழி என்பது பெண்ணாட்சி ஆகாது. பழைய வழக்கிலும் காணியின் நிருவாகம் தாய்மாமன், சகோதரன் ஆகியோர் கையிலேயே இருந்தது. காணியற்ற வயற்காரனின் மகளுக்குச் சீதனமாக வந்தது மண்சுவரும் கிடுகுக் கூரையும் மட்டுமே. இவற்றை மறைப்பவர் ஒரு பொய்க்குப் பதிலாக இன்னொரு பொய்யை எழுதுகின்றார். நாம் வேண்டுவது யாருக்கு எது இருந்தது, யாருக்கு எது இல்லை என்ற கணக்கு.

'குடும்பத் தலைவர்' எனும் சொல்

இவையெல்லாம் பழங்கதை, இன்றைக்கு இவற்றால் ஆவதென்ன என வினவுவோர் இருக்கலாம். ஆவது நிறைய உண்டு.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிகள் அனுமதிப்பத்திரமாகவும் அளிப்பாகவும் வழங்கப்பட்டன. பின்னுரித்தாளர் எவரும் பெயர் குறிக்கப்படாதவிடத்து உரிமை யாருக்குச் செல்லும் என்பதை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வகுத்தது. அதில் மகன்மார் மகள்மாருக்கு முன் நின்றனர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாகக் கிழக்கில் குடியேற்றக் காணி பெற்றோரெல்லாம் இவ்விதியின் கீழ் வந்தனர். தாயிடமிருந்து மகளுக்கு நிலம் செல்வதை இயல்பாகக் கொண்ட ஒரு நாட்டில், மகளைப் பின்தள்ளும் விதியை அரசு கொண்டுவந்து நாட்டியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே அவ்வட்டவணையின் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. இடையில் கழிந்தவை 87 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் எழுதப்பட்ட பத்திரங்களும் அவற்றால் விளைந்த வழக்குகளும் ஒரு திருத்தத்தால் மறைந்துவிடா.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. அழிந்த வீடுகளில் மிகப்பல பெண்களுடைய சீதன வீடுகள். உதவித் தொகையும் புதிய வீடும் வழங்க வந்தோரின் படிவத்திலோ 'குடும்பத் தலைவர்' என ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தில் பல இடங்களிலும் கணவனின் பெயர் எழுதப்பட்டது. இழந்தவள் மனைவி, பெற்றவன் கணவன். இதனைச் செய்தவர் எவரும் தீயவரல்லர். பெண்ணுக்கு வீடு உண்டு என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஏன் அதனை அறிந்திருக்கவில்லை? இப்பிரதேசத்தின் வரலாற்றை அறிய ஒரு நூலைத் தேடி எடுத்திருந்தாலும் அதில் ஆண்களின் பெயர்ப்பட்டியலையே கண்டிருப்பார்கள். நாம் எழுதிவைத்ததை அவர்கள் படிவமாக்கினர்.

படுவான்கரையின் நிலையும் இதனினும் கடிது. 1990 முதல் 2007 வரை நீடித்த போர்க்காலத்தில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். உறுதிகளை இழந்தோர் உண்டு. கணவனை இழந்தோர் உண்டு. காணாமற்போன கணவனுக்கு மரணச் சான்று பெற மனமின்றி நிற்போர் உண்டு. அப்பெண் தன் தாய் தந்த காணிக்கு உரிமை கோரி அலுவலக வாசலில் நிற்கும்போது, "உங்கட மனுசன் எங்கே?" என்ற கேள்வியையே முதலிற் கேட்கின்றாள். அவளுடைய தாய்க்கும் பாட்டிக்கும் அக்காணியில் இருந்த உரிமை அச்சில் எங்காவது பதிந்திருந்தால், அவள் கையில் ஒரு துணையேனும் இருந்திருக்கும்.

மறுப்போருக்கு மறுமொழி

இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டு. முதலாவது, சீதனத்தை ஆதரிப்பது பிற்போக்கு என்பது. சீதனக் கொடுமை கண்டிக்கத்தக்கது என்பதில் எமக்கு மாறுபாடில்லை. மணமகன் வீட்டாருக்குக் கைக்கூலியாகக் கொடுக்கப்படும் பணம் வேறு. மகளின் பெயரில் எழுதப்படும் காணி வேறு. முன்னது அவளை விலைப்படுத்துகின்றது. பின்னது அவள் காலூன்ற மண் தருகின்றது. இரண்டையும் ஒரு பெயரால் அழைத்து, ஒருங்கே ஒழிப்போம் என்று மேடையில் முழங்குவோர், கைக்கூலியை ஒழிக்கமாட்டார். காணியை மாத்திரம் ஆண்மக்களுக்குத் திருப்பிவிடுவர். மகளுக்கு எழுதும் உறுதியில் மருமகனின் பெயரையும் சேர்க்குமாறு கேட்கும் புதுவழக்கத்தையே சீர்திருத்தக்காரர் முதலில் எதிர்க்க வேண்டும்.

ஒப்புநோக்குக்காக ஒன்று கூறலாம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். மட்டக்களப்புப் பெண்ணுக்கும் 1876இன் சட்டம் அத்தடையை விதித்திருந்தது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் அதனை நீக்கியது. சட்டம் கொடுத்த இவ்வுரிமையை அவள் அறியாதிருப்பாளாயின், அதற்குப் பொறுப்பாவார் யார்? எழுத்தறிந்த நாமே.

இரண்டாவது மறுப்பு, இத்தகைய ஆராய்ச்சி பழைய குடும்பங்களின் பெருமையைக் குலைக்கும் என்பது. ஒரு குடும்பத்தின் பெருமை அதன் மகளிரின் பெயரைச் சொன்னதும் குலையுமாயின், அதற்குப் பெருமை என்று பெயரில்லை. வயற்காரரின் பெயரை எழுதுவதால் போடியார் எவரும் சிறுமை அடையார். அவர் கட்டிய மடம் அங்கேதான் நிற்கும். அதைக் கட்டிய கைகளும் அதற்கு நெல் அளந்த கைகளும் அதனருகே தெரியும், அவ்வளவே.

செய்யத்தக்கன

வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதிய காலத்தில் இப்பிரதேசத்தின் வழக்காறுகளைத் திரட்டுவதே பெரும்பணியாக இருந்தது. அப்பணியால் இன்று நமக்கு ஓர் அடித்தளம் கிடைத்துள்ளது. அடித்தளத்தின் மீது நின்று அதையே மீண்டும் மீண்டும் போற்றிக்கொண்டிருத்தல் மாணவருக்கு அழகன்று.

கிழக்கிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் ஒரு வட்டையை மாத்திரம் எடுத்துக்கொள்ளட்டும். அதன் உறுதிகளைத் தாயிலிருந்து மகளுக்கு வரிசைப்படுத்தட்டும். அதே வயலில் மூன்று தலைமுறையாக நின்ற முல்லைக்காரரையும் வயற்காரரையும் பெயர் சொல்லி எழுதட்டும். விதைநெல் எத்தனை புசல் கொடுக்கப்பட்டது, களத்தில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதை நினைவுள்ளோரிடம் கேட்டறியட்டும். முசுலிம் ஊர்களில் அதே ஆராய்ச்சியை முசுலிம் மாணவர் செய்து இரண்டையும் ஒப்பிடட்டும். ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சிய இரு சமூகத்தாரின் காணி வரலாற்றைத் தனித்தனி எழுதுவதும் ஒரு வகைப் பொய்யே.

மலர் வெளியிடும் கோயிற் சபையினருக்கும் சனசமூக நிலையத்தாருக்கும் கூறவேண்டியது ஒன்றுண்டு. அடுத்த மலரில் காணி பற்றி எழுதும்போது, உறுதியில் உள்ள பெயரை எழுதுக. அது பெண்ணின் பெயராயின் பெண்ணின் பெயரையே எழுதுக. அவளை இன்னாரின் மனைவி என்று மறைத்தல் வேண்டா.

காணிப் பத்திரம் இன்றி அலுவலகப் படியேறும் பெண்ணுக்கு நம்மால் காணி வழங்க முடியாது. அக்காணி அவளுடையதாகவே இருந்தது என்பதை அச்சில் எழுதிக் கொடுக்க முடியும். அதற்கு வேண்டிய கல்வி நமக்குக் கிடைத்துள்ளது. அக்கல்விக்கு நெல் அளந்தவர்களும் அப்பெண்களும் அவ்வயற்காரருமே.